அளப்பவருக்குத் தெரியக் கூடாது

யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஆய்வுகளை மேற்பார்வை செய்யும் ஆசிரியர்களுக்கும், நெறிமுறைக் குழுக்களில் இருந்து ஆய்வுத் திட்டங்களுக்கு அனுமதி வழங்குவோருக்கும்,

வணக்கம்.

நான் வைத்தியன் அல்ல. புள்ளிவிபரவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். ஓய்வுக்குப் பிறகும் ஆய்வு செய்யும் பிள்ளைகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். மருத்துவம், சித்த மருத்துவம், தாதியம், இயன்மருத்துவம் என்று எல்லாத் துறையிலிருந்தும் வருவார்கள். எக்ஸெல் கோப்பைத் திறந்ததும் நான் முதலில் கேட்பது, யார் அளந்தது என்று. பெரும்பாலும் பதில் ஒன்றுதான். மருந்து கொடுத்தவரே அளந்திருப்பார். எந்த வருத்தக்காரருக்கு எந்த மருந்து என்று தெரிந்துகொண்டே அளந்திருப்பார். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

களவு செய்பவர்களைப் பற்றி நான் எழுதவில்லை. இல்லாத வருத்தக்காரரை உருவாக்கி எண்களை நிரப்புபவர்களைப் பிடிக்க வேறு வழிகள் உண்டு. நான் சொல்வது நேர்மையான பிள்ளைகளைப் பற்றி. மருந்து வேலை செய்யும் என்று மனதார நம்பி, இரவு பகலாக வாட்டில் நின்று தரவு சேர்க்கும் பிள்ளைகள். அவர்களுடைய கண்ணும் காதும் அவர்கள் நம்புகிற பக்கம் கொஞ்சம் சாயும். அப்படிச் சாய்ந்தது அவர்களுக்கே தெரியாது. தெரியாத ஒன்றை நேர்மையால் எப்படித் தடுப்பது?

உயர்தரப் பரீட்சை விடைத்தாளில் பிள்ளையின் பெயர் இருக்காது, சுட்டெண் மட்டும்தான் இருக்கும். திருத்தும் ஆசிரியர்கள் கள்ளர் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனாலும் நாளைக்கே விடைத்தாளில் பெயரையும் பாடசாலையையும் எழுதச் சொன்னால் இந்த ஊர் பெற்றோர் சும்மா இருப்பார்களா? அதே ஊரில்தான் ஒரு மருந்துக்குப் புள்ளி போடும் வேலையை அந்த மருந்தின் தகப்பனிடமே கொடுத்துவிட்டு, பெறுபேறு நல்லாய் வந்திருக்கு என்று மாநாட்டில் கை தட்டுகிறோம்.

பிரஷரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் என்னிடம் வரும் தாள்களில் அதிகம் இருப்பது அதுதான். கையால் பார்க்கும் கருவியில் 2 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு. கோட்டைப் பார்த்து ஒழுங்காக வாசித்தால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்று ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வர வேண்டும். பூச்சியம் மட்டுமே பாதிக்கு மேல் வந்த தாள்களைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கேட்டால், "கிட்டத்தட்ட நூற்றி நாற்பதுதான் சேர்" என்பார்கள். அந்தக் கிட்டத்தட்டவுக்குள்தான் எல்லாம் நடக்கிறது. ஊசி 142க்கும் 143க்கும் இடையில் துடிக்கிறது. மருந்து குடிப்பவர் என்று தெரிந்தால் அது 140 ஆகும். போலிக் குளிசை குடிப்பவர் என்றால் 145 ஆகும். எழுதிய பிள்ளை எதிலும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு குழுவில் எல்லாம் கீழ்நோக்கியும் மற்றக் குழுவில் எல்லாம் மேல்நோக்கியும் முழு எண்ணாக்கப்பட்டால், வெறும் சீனி உருண்டையும் பிரஷரைக் குறைத்துவிடும்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. லண்டனில் ஜெப்றி றோஸும் சகாக்களும் 1964 இல் ஒரு பிரஷர் கருவியை வெளியிட்டார்கள். அளப்பவர் சத்தத்தைக் கேட்டு அழுத்தத்தை நிறுத்துவார், ஆனால் அந்த நேரத்தில் இரசம் எந்த எண்ணில் நிற்கிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணைப் பார்க்கலாம். பிறகு வந்த இன்னொரு கருவியில் பூச்சியமே ஒவ்வொரு முறையும் இடம் மாறும், கடைசியில் கழித்துப் பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும். தேர்ந்த ஆய்வாளர்கள் தங்கள் கண்ணையே நம்பாமல் கருவிக்குத் திரை போட்டார்கள் என்றால், இறுதியாண்டு மாணவனின் கண்ணை நாங்கள் எந்தத் துணிவில் நம்புகிறோம்?

இப்போது எல்லா இடமும் டிஜிட்டல் கருவி வந்துவிட்டதே என்பீர்கள். சரி, எண்ணைக் கருவி காட்டுகிறது. எந்த எண்ணைக் கொப்பியில் எழுதுவது என்று தீர்மானிப்பது யார்? எதிர்பார்த்த எண் வந்தால் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம். எதிர்பாராத எண் வந்தால், "அம்மா, நடந்து வந்தனீங்களோ? கொஞ்சம் இருங்கோ, திரும்பப் பார்ப்பம்" என்போம். திரும்ப அளப்பது பிழையில்லை. ஒரு குழுவினருக்கு மட்டும் திரும்ப அளப்பதுதான் பிழை. பார்ப்பவருக்கு அது அக்கறையாகத் தெரியும் என்பதால் இதைப் பிடிப்பது இன்னும் கடினம்.

பிரஷராவது ஒரு எண். நோ என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். முழங்கால் நோவுக்கு ஓர் எண்ணெயைப் பரிசோதிக்கிறோம் என்று வையுங்கள். பூச்சியத்திலிருந்து பத்து வரை நோவுக்குப் புள்ளி போடச் சொல்ல வேண்டும். படிவத்தில் இருக்கும் கேள்வி, "இன்று உங்கள் நோ எவ்வளவு?" வாட்டில் கேட்கப்படும் கேள்வி, "இப்ப நோ குறைஞ்சிருக்குத்தானே அம்மா?" எங்கள் அம்மாமாருக்கு டொக்டரின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வராது. ஓம் என்பார்கள். ஓம் என்று சொன்னால் ஆறு நாலாகிவிடும். கட்டுப்பாட்டுக் குழுவில், அதாவது ஒப்பிடுவதற்காக அந்த எண்ணெய் கொடுக்கப்படாத குழுவில், இருப்பவரிடம் அதே பிள்ளை, "இன்னும் நோகுதோ?" என்று கேட்கும். அவர் அதற்கும் ஓம் என்பார்.

இந்த விளைவு வாய்வார்த்தையோடு நிற்பதுமில்லை. கிறேஸ்லியும் சகாக்களும் 1985 இல் லான்செற் இதழில் எழுதிய சிறிய கற்கை ஒன்றை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். ஞானப்பல் பிடுங்கியவர்களுக்கு ஊசி போட்டார்கள். ஊசியில் வலிநிவாரணியான பென்ரனில் இருக்கலாம், அப்படியான நிவாரணியின் வேலையைத் தடுக்கும் நலொக்சோன் இருக்கலாம், ஒன்றுமில்லாத திரவமும் இருக்கலாம். எந்த ஊசியில் எது என்று போடுபவருக்கும் தெரியாது, போடப்படுபவருக்கும் தெரியாது. ஒரு கட்டத்தில் வைத்தியர்களுக்கு மட்டும், இப்போதைக்கு பென்ரனில் கிடைக்க வாய்ப்பில்லை என்று சொல்லப்பட்டது. மற்றக் கட்டத்தில் பென்ரனிலும் கிடைக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். பிறகு இரண்டு கட்டத்திலும் வெறும் திரவம் பெற்றவர்களை மட்டும் ஒப்பிட்டார்கள். நிவாரணி கிடைக்கலாம் என்று வைத்தியர் நம்பிய கட்டத்தில் அவர்களின் நோ குறைவாக இருந்தது. வருத்தக்காரரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. வைத்தியரின் மனதில் இருந்தது எப்படியோ கட்டிலில் இருந்தவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நிபுணத்துவம் இருந்தால் இந்தச் சாய்வு வராது என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னிடம் வாதாடினார். அவருக்குக் கனடாவில் நடந்ததைச் சொன்னேன். மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கான ஒரு ட்ரயலில், அதாவது சிகிச்சைப் பரிசோதனையில், சைக்ளோபொஸ்பமைட் மருந்தையும், குருதியின் திரவப் பகுதியை மாற்றும் சிகிச்சையையும் பரிசோதித்தார்கள். ஒரே வருத்தக்காரரை இரண்டு நரம்பியல் நிபுணர்கள் பார்த்தார்கள். ஒருவருக்குச் சிகிச்சை எதுவென்று தெரியும், மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தவர்களின் புள்ளிகளை எடுத்தால் ஒரு சிகிச்சை பலன் தருகிறது. தெரியாதவர்களின் புள்ளிகளை எடுத்தால் எந்தப் பலனும் இல்லை. ஒரே உடல், ஒரே காலப்பகுதி, ஒரே அளவுகோல். நோஸ்வேதியும் சகாக்களும் இதை 1994 இல் வெளியிட்டார்கள். அளந்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் தெரிந்தவர்களை மட்டும் வைத்து ட்ரயலை முடித்திருந்தால், பயனற்ற ஒரு கடும் சிகிச்சை இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் இருந்திருக்கும்.

இப்படி ஒரே ட்ரயலில் தெரிந்தவர், தெரியாதவர் இருவரும் அளந்த கற்கைகளை ஹ்ரோபியார்ட்சனும் சகாக்களும் தேடிச் சேர்த்தார்கள். 2012 இல் வந்த அவர்களின் கட்டுரையில் அப்படி 21 ட்ரயல்கள். குணமா இல்லையா என்பது போன்ற முடிவுகளில், தெரிந்து அளந்தவர்கள் சிகிச்சையின் பலனை, ஓட்ஸ் விகிதத்தின் (ஒரு குழுவில் குணமாகும் சாத்தியத்தை மற்றக் குழுவோடு ஒப்பிடும் விகிதம்) கணக்கில், சராசரியாக 36 வீதம் கூட்டிக் காட்டியிருந்தார்கள். அடுத்த ஆண்டு, புள்ளி போடும் அளவுகோல்களுக்கு இதையே செய்தபோது மிகைப்படுத்தல் 68 வீதம்.

இதற்கு மறுப்பும் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. 2020 இல் மெற்றாபிளைண்ட் என்ற பெரிய ஆய்வு வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ட்ரயல்களை எடுத்து, யாருக்கு எது என்பதை மறைத்துச் செய்தவற்றையும் மறைக்காமல் செய்தவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பெரிய வித்தியாசம் எதையும் காணவில்லை. சிலர் இதைத் தூக்கிப் பிடித்து, பார்த்தீர்களா, மறைப்பது வீண் வேலை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெவ்வேறு ட்ரயல்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதும், ஒரே முழங்காலை இருவர் அளப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் ஆயிரம் வேறு வித்தியாசங்கள் கலந்துவிடும். சராசரி பூச்சியம் என்றால் ஒவ்வொரு ட்ரயலிலும் பூச்சியம் என்று பொருளும் இல்லை. அந்த ஆய்வைச் செய்தவர்களே மறைப்பைக் கைவிடச் சொல்லவில்லை, பிழையைத் தடுக்கும் ஒரு பாதுகாப்பாக அது தொடர வேண்டும் என்றுதான் எழுதினார்கள்.

இனி, நான் அடிக்கடி கேட்கும் பதிலுக்கு வருகிறேன்: "சேர், எங்களிட்டை ஆள் இல்லை."

ஆள் இருக்கிறார்கள். ஒரே வகுப்பில் ஒரே நேரத்தில் ஆய்வு செய்யும் இரண்டு பிள்ளைகள் இருந்தால் போதும். நீர் அவருடைய வருத்தக்காரரை அளந்து பாரும், அவர் உம்முடையவர்களை அளக்கட்டும். யாருக்கு எது என்பதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்தால் சரி. செலவு ஒரு தேத்தண்ணி. சலரோகக்காரரின் கால்புண் பற்றிய ஆய்வா? அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, பெயரையும் திகதியையும் நீக்கி, முந்தின படங்களையும் பிந்தின படங்களையும் கலந்து, புண்ணின் பரப்பை வேறொருவரைக் கணக்கிடச் சொல்லலாம். 1948 இல் வெளியான, காசநோய்க்கான ஸ்ரெப்ரோமைசின் ட்ரயலில் பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் செய்ததும் இந்த மாதிரித்தான். ஊசி பெறாதவர்களுக்குப் போலி ஊசி போடவில்லை. நாளுக்குப் பல தடவை, மாதக்கணக்கில் வெறும் ஊசி குத்துவதை அவர்கள் விரும்பவில்லை. ஆனால் நெஞ்சு எக்ஸ்றேகளை வாசித்தவர்களுக்கு அது யாருடைய படம் என்று தெரியாது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். மரணத்தை யாரும் கிட்டத்தட்ட என்று வாசிக்க முடியாது. அவ்வளவு தெளிவான பெறுபேறு கையில் வரவிருந்த ஆய்விலேயே எக்ஸ்றேக்கு மறைப்பு வைத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சத்திரசிகிச்சைக்காரர்கள் எங்களால் மறைக்கவே முடியாது என்பார்கள். 2002 இல் மோஸ்லியும் சகாக்களும் 180 பேரின் முழங்காலில் அதையும் செய்து காட்டினார்கள். சிலருக்குத் தோலில் வெட்டு மட்டும், உள்ளே ஒன்றும் செய்யவில்லை. உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் அவர்களைவிட நன்றாக இருக்கவில்லை. இங்கே யாரையும் வெறுமனே வெட்டச் சொல்லி நான் கேட்கவில்லை, தயவுசெய்து அப்படி வாசிக்க வேண்டாம். வெட்டியவர் தவிர வேறொருவர், எல்லோருக்கும் ஒரே மாதிரித் துணி சுற்றிய முழங்காலை, மடக்கி நீட்டி அளக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

கைதடிப் பக்கமிருந்து வரும் சித்த மருத்துவப் பிள்ளைகளின் சிக்கல் வேறு, அதை நான் மதிக்கிறேன். எண்ணெய்க்கு மணம் இருக்கிறது. சூரணத்துக்கு நிறமும் கைப்பும் இருக்கிறது. வெறும் நல்லெண்ணெயைப் போலி மருந்தென்று கொடுத்தால் மூக்கு உள்ள எவரும் கண்டுபிடிப்பார்கள். அமெரிக்காவில் தடிமனுக்கு விற்றமின் சி கொடுத்துப் பார்த்த, 1975 இல் வெளியான ஒரு ட்ரயல் இதே இடத்தில்தான் இடறியது. பலர் குளிசையின் உள்ளே இருந்ததைச் சுவைத்து எது எதுவென்று ஊகித்துவிட்டார்கள். ஊகிக்காதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, தெரிந்த சிறு பலனும் காணாமல் போனது. ஆகவே போலி எண்ணெய்க்கும் மணம் ஊட்டப் பாருங்கள். முடியாவிட்டால் அளக்கும் நாளில் எண்ணெய் பூசாமல், குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள். வருத்தக்காரருக்குத் தெரிந்தாலும் அளப்பவருக்காவது தெரியாமல் இருக்கும். கடைசி நாளில் எல்லோரிடமும், நீங்கள் எந்தக் குழுவில் இருந்ததாக நினைக்கிறீர்கள் என்று கேட்டு அதையும் எழுதி வையுங்கள். சித்த மருத்துவத்துக்கு ஆதாரம் இல்லை என்று ஏளனம் செய்பவர்களின் வாயை அடைக்கக்கூடியது இப்படியான ஆய்வு ஒன்றுதான். தளர்வான ஆய்வு பத்து இருந்தும் பயனில்லை.

யார் எந்தக் குழு என்று எழுமாற்றாகப் பிரிக்கும் கட்டத்திலேயே விருப்பம் நுழைந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கடைகளில் வாங்கும் வெள்ளைக் கடித உறையை ரியூப் லைற்றுக்குப் பிடித்தால் உள்ளே இருக்கும் எழுத்து தெரியும். மேலைநாடுகளில் இதைச் செய்து பிடிபட்ட கதைகளை ஷூல்ஸ் 1995 இல் எழுதியிருக்கிறார். அதே ஆண்டில் அவரும் சகாக்களும் வெளியிட்ட கணக்கில், குழுப் பிரிப்பைச் சரியாக மறைக்காத ட்ரயல்கள் பலனை 41 வீதம் மிகைப்படுத்தியிருந்தன. உறைக்குள் ஒரு துண்டு அலுமினியத் தாள் வையுங்கள். முடிந்தால் பட்டியலை ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து வைத்து, ஒவ்வொரு தடவையும் தொலைபேசியில் கேளுங்கள்.

அப்புறம், என் மேசைக்கு வரும் கட்டம். "மருந்து", "போலி" என்ற தலைப்புகளை எடுத்துவிட்டு அ, ஆ என்று போட்டுக்கொண்டு வாருங்கள் என்பேன். பிள்ளைகள் முழிப்பார்கள். எது எங்கள் மருந்து என்று தெரியாமல் எப்படிச் செய்வது என்பார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி வந்துவிடும்: "சேர், பி பெறுமானம் 0.07 வருது. இந்த மூன்று பேரும் ஒழுங்காய் மருந்து குடிக்கேல்லை. எடுத்துவிட்டுப் பார்க்க ஏலாதோ?" ஏலும், எடுத்தால் 0.04 வரும், வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே வந்துவிட்டது, பலன் உண்டு என்று எழுதலாம். மற்றக் குழுவில் ஒழுங்காகக் குடிக்காத மூன்று பேரை ஏன் யாரும் தேடவில்லை?

எதை அளந்து வெற்றி தோல்வியைச் சொல்லப் போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்வதால் இந்த விளையாட்டு பெருமளவு அடங்குகிறது. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், குருதி நிறுவகம் பணம் கொடுத்த பெரிய ட்ரயல்களைக் கப்லானும் இர்வினும் 2015 இல் ஆராய்ந்தார்கள். 2000க்கு முன் வெளியான 30 இல் 17 பலன் கண்டன. அதன் பிறகு, பதிவு கட்டாயமான காலத்தில் வெளியான 25 இல் 2 மட்டுமே பலன் கண்டன. பதிவு ஒன்றே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இவ்வளவு பெரிய சரிவுக்கு வேறு காரணம் தேடுவதும் இலகுவல்ல. இலங்கை மருத்துவச் சங்கத்தின் ட்ரயல் பதிவேடு 2006 இலிருந்து இயங்குகிறது. சின்ன ஆய்வுதானே என்று அதைத் தவிர்க்க விடாதீர்கள்.

நெறிமுறைக் குழுவினரிடம் நேரடியாக ஒன்று. வருத்தக்காரரின் சம்மதம், இரகசியம், தீங்கு பற்றியெல்லாம் பக்கம் பக்கமாகக் கேட்கிறீர்கள், நல்லது. அளவீட்டைப் பற்றிக் கேட்டால், அது விஞ்ஞானப் பக்கம், எங்கள் வேலை நெறிமுறை என்ற பதில் சில இடங்களில் வருகிறது. முடிவு முன்கூட்டியே சாய்ந்துவிட்ட ஓர் ஆய்வுக்காக ஒரு மனிதரின் கையில் ஊசி குத்துவதும், வன்னியிலிருந்து பஸ் ஏறி அவரை மூன்று தடவை வரவழைப்பதும் நெறிமுறைப் பிரச்சினை இல்லையா? விண்ணப்பப் படிவத்தில் இன்னும் மூன்று வரி சேருங்கள். முதன்மைப் பெறுபேற்றை அளப்பவர் யார்? அவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியுமா? தெரியும் என்றால், தெரியாமல் செய்ய ஏன் முடியவில்லை? மூன்றாவதுக்கு "ஆள் இல்லை" என்று எழுதினால் திருப்பி அனுப்புங்கள். கூடவே, வருத்தக்காரருக்குக் கொடுக்கும் தகவல் தாளை ஒரு தடவை நீங்களே வாசியுங்கள். இந்த மருந்தின் பயனை நிரூபிப்பதற்காக உங்களை அழைக்கிறோம் என்று அதில் இருந்தால், முடிவை முதல் நாளிலேயே எழுதியாயிற்று.

மேற்பார்வையாளர்களே, வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசி இலக்கங்களை எண்ணிப் பார்த்தீரா? ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வருவார்கள். அதைவிட முக்கியமாக, மருந்து பலன் தரவில்லை என்ற முடிவோடு வரும் பிள்ளைக்குப் புள்ளி குறைக்காதீர்கள். பலன் வந்தால்தான் நல்ல ஆய்வு என்று நாங்கள் முகத்தில் காட்டினால், பிள்ளை அந்த முகத்தைப் பார்த்துத்தான் பிரஷர் அளக்கும்.

எழுமாற்றுப் பட்டியல் தயாரிப்பது, எந்த எழுத்து எந்தக் குழு என்ற குறியீட்டைப் பூட்டி வைத்திருப்பது, தரவு முழுவதும் வந்து பகுப்பாய்வு முடிந்த பிறகு திறப்பது ஆகிய வேலைகளை எந்த மாணவருக்கும் காசில்லாமல் செய்து தர நான் தயார். என்னைப் போல ஓய்வில் இருக்கும் கணித ஆசிரியர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, ஆய்வு தொடங்கும் முன் பிள்ளைகளை எங்களிடம் அனுப்புவது. தரவு சேர்த்து முடிந்த பிறகு அனுப்பினால் எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய ஏலாது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புள்ளிவிபரவியல் ஆசிரியர் ஒருவர்
யாழ்ப்பாணம்